குதிரைக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

வளர்ந்த குதிரைக்கு அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், செஃபலெக்சின் ஆகியவற்றை வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. லின்கோமைசின், கிளிண்டாமைசின் இரண்டையும் எந்தக் குதிரைக்கும் எந்த வழியிலும் கொடுக்கக் கூடாது. மனிதருக்கான சிப்ரோஃப்ளாக்ஸசின் மாத்திரைக்கும் இதே தடை பொருந்தும். மற்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளையும், கால்நடை மருத்துவர் குதிரையை நேரில் பார்த்து எடைக்கேற்ற அளவை எழுதித் தந்த பிறகே கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் குதிரைகளுக்கு மருத்துவம் பார்க்கும் எங்கள் சங்கத்தின் முடிவு இது. சவாரிக் குதிரை, கோயில் குதிரை, பந்தயக் குதிரை என்று இதில் வேறுபாடு கிடையாது.

“மாட்டுக்குப் போடுவதுதானே, மனுஷன் சாப்பிடுவதுதானே” என்று கேட்பவர்கள் உண்டு. மாடு தின்ற புல் முதலில் அசையூண் இரைப்பையில் நொதித்து, அதன் பிறகே சிறுகுடலுக்குப் போகிறது. குதிரைக்கு இது தலைகீழ். 8 முதல் 15 லிட்டர் மட்டுமே கொள்ளும் சின்ன இரைப்பை, 20 மீட்டருக்கு மேல் நீளும் சிறுகுடல், அதற்கும் பின்னால்தான் நொதித்தல் நடக்கும் பெரிய குருட்டுக்குடலும் பெருங்குடலும். மருந்து பெரும்பாலும் சிறுகுடலில்தான் இரத்தத்தில் ஏறுகிறது. அங்கே ஏறாமல் தங்கிய மருந்து நேராகக் குருட்டுக்குடலில் போய் விழுகிறது. வைக்கோலையும் புல்லையும் சிதைத்துக் குதிரைக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கைத் தரும் நுண்ணுயிர்கள் அங்கேதான் வாழ்கின்றன. அவை மடிந்தால் அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம், சால்மோனெல்லா ஆகிய நோய்க்கிருமிகள் பெருகும். தண்ணீராகக் கழிச்சல், நீரிழப்பு, இரத்தத்தில் நச்சு, அதைத் தொடர்ந்து குளம்பு அழற்சி என்று நிலைமை சில நாட்களில் முற்றிவிடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போன மருந்து போனதுதான்.

வளர்ந்த குதிரைக்கு வாயில் கொடுத்த அமாக்ஸிசிலினில் 2 முதல் 10 சதவீதமே இரத்தத்தில் ஏறுகிறது. 500 மில்லிகிராம் கேப்சூல் இருபதைப் பிரித்துக் கொடுத்தால் 10 கிராம். இரத்தத்தில் ஏறுவது மிஞ்சிப்போனால் 1 கிராம். மீதி 9 கிராம் குடலில் தங்கும். நோயும் தீராது, குடலும் கெடும். பால்குடிக் குட்டிகளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறுவதால் அவற்றுக்கு இந்த மருந்து பலிக்கிறது. குட்டிக்குப் பலித்ததைப் பார்த்துத் தாய்க்கும் கொடுத்துவிடுவதுதான் ஆபத்து. தாய்க்கு எவ்வளவு சிறிய அளவும் ஆபத்தாகலாம் என்பதை எரித்ரோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக்கில் பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனில் அது கொடுக்கப்பட்டது குட்டிகளுக்கு மட்டுமே. கழிச்சல் கண்டு இறந்தவை அவற்றின் தாய்க் குதிரைகள். குட்டியிடமிருந்து மிகச் சிறிய அளவு மருந்து தாயின் வயிற்றுக்குள் போனதே போதுமானதாக இருந்திருக்கிறது.

சிப்ரோஃப்ளாக்ஸசினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் “என்ரோவும் சிப்ரோவும் ஒண்ணுதான்” என்று சொல்லியே விற்கிறார்கள். என்ரோஃப்ளாக்ஸசின் உடலுக்குள் போனபின் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்ஸசினாக மாறுவது உண்மைதான். ஆனால் என்ரோ ஏறக்குறைய 60 சதவீதம் இரத்தத்தில் ஏறும். சிப்ரோ 10 சதவீத அளவில் நின்றுவிடும். சிப்ரோவை வாய்வழி கொடுத்துப் பார்த்த ஆய்வில் குதிரைகளுக்குக் குடல் பாதிப்பு வந்து, சிலவற்றைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. என்ரோவும் வளரும் குட்டிக்கு ஆகாது. மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும்.

வாய்வழி நன்றாக ஏறும் மருந்துகளும் உண்டு. டிரைமெத்தோப்ரிம்-சல்ஃபா கூட்டு மருந்து அவற்றில் முதன்மையானது. இங்கே நாங்கள் அடிக்கடி பார்ப்பது அளவுக் குறைவு. கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வைத்தால், 300 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 9 கிராம். மனிதருக்கான 960 மில்லிகிராம் மாத்திரையில் ஒன்பதுக்கு மேல் வேண்டும், அதுவும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. இரண்டு மாத்திரையைக் கொள்ளில் கலந்து வைத்துவிட்டு “மருந்து கேட்கவில்லை” என்பதில் நியாயமில்லை. கொள்ளிலும் தவிட்டிலும் கலப்பதே சிக்கல். மருந்தில் ஒரு பங்கு தீனியோடு ஒட்டிக்கொண்டு பெருங்குடல் வரை போய், பல மணி நேரம் கழித்தே இரத்தத்தில் ஏறுகிறது. டாக்ஸிசைக்ளினுக்கு இன்னும் மோசம்: தீனியோடு கொடுத்தால் ஏறுவது பாதிக்கும் கீழே போய்விடும். (டாக்ஸிசைக்ளினை நரம்பில் ஏற்றினால் குதிரை அங்கேயே விழுந்து சாகலாம். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.) தீனிக்கு முன் எவ்வளவு நேரம் இடைவெளி என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், அதற்காக நாள் முழுக்கப் பட்டினி போட்டால் இரைப்பைப் புண் வரும்.

தீனியில் கலப்பதற்குப் பதிலாக, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைப் பொடித்து, தண்ணீரும் கொஞ்சம் வெல்லப்பாகும் சேர்த்துக் குழைத்து, ஊசியில்லாத 60 மில்லி சிரிஞ்சில் எடுங்கள். வாயில் மென்ற புல் இருந்தால் முதலில் கழுவிவிடுங்கள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடம் இருக்கிறது. அது வழியாக நாக்கின் பின்புறத்தில் மெதுவாக விடுங்கள். விழுங்கும் வரை தலையை விடாதீர்கள்.

தாடைக்கடியில் சீழ்க்கட்டி வரும் ஸ்ட்ராங்கிள்ஸ் நோய்க்கு உடனே மாத்திரை தேடுவதையும் நாங்கள் ஏற்கவில்லை. சீழ் நிறைந்த இடத்தில் சல்ஃபா சரியாக வேலை செய்யாது. பல குதிரைகளுக்கு ஒத்தடமும், கட்டி பழுத்து உடைவதும், மற்றக் குதிரைகளிடமிருந்து பிரித்து வைப்பதுமே போதும்.

ஊசி போட ஆள் கிடைப்பதில்லை, மாத்திரைதான் கைக்கு எட்டுகிறது என்று குதிரைக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கடற்கரையிலும் மலைச் சுற்றுலா ஊர்களிலும் சவாரிக் குதிரை வைத்திருப்பவருக்கு ஒரு நாள் வேலை போனாலே கஷ்டம். அதற்காக, பலிக்காத மருந்தைக் கொடுக்கச் சொல்ல எங்களால் முடியாது. பென்சிலின் வகை தேவைப்பட்டால் வளர்ந்த குதிரைக்கு ஊசிதான் வழி. குதிரைகள் அதிகமுள்ள ஊர்களின் அரசு கால்நடை மருந்தகங்களில் தசையில் போடும் புரோக்கெய்ன் பென்சிலினையும் சல்ஃபா கூட்டு மருந்தையும் குதிரையின் எடைக்குப் போதுமான அளவில் இருப்பு வைக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறோம். மருத்துவர் சீட்டில்லாமல் குதிரைக்கு ஆன்டிபயாட்டிக் விற்க வேண்டாம் என்று மருந்துக் கடைக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

ஆன்டிபயாட்டிக் தொடங்கிய குதிரைக்குச் சாணம் இளகினால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காதீர்கள். தனியே கட்டி, குடிதண்ணீர் தாராளமாக வைத்து, கையைச் சோப்பால் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.