உப்பளத்து வலிக்கு மாத்திரை போதுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். குவிந்து கிடக்கும் வெள்ளை உப்பு, கண்ணாடி போல் மின்னும் பாத்திகள்... படத்துக்கு அழகுதான்! அந்தப் பாத்தியில் நிற்கும் பெண்ணின் முதுகுவலி மட்டும் படத்தில் விழுவதில்லை.

உப்பு வாரும் வேலையில் காலுக்குக் கீழே உப்புநீர். தலைக்கு மேலே வெயில். அந்த வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும் வெள்ளைத் தரை. வாரிய உப்பைத் தலைச்சுமையாகக் கரையேற்ற வேண்டும். பாதத்தில் வெடிப்பு, வெடிப்பில் உப்பு. இடுப்பும் மூட்டும் நோகும், கண் எரியும். மழைக்காலம் வந்தால் வலி குறையும். கூடவே கூலியும் நின்றுபோகும்.

இந்த வலிக்குச் சுலபமாகக் கிடைக்கும் மருத்துவம் இரண்டுதான். ஒன்று, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை. இன்னொன்று, சாராயம்.

இரண்டும் ஆளைக் கொல்லக்கூடியவை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 350க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவை மீறிய வெப்பத்தில் உழைக்கிறார்கள். சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடும் குறைந்திருந்தது. நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் என்பது மருத்துவப் பாலபாடம். சாராயம் என்ன செய்யும் என்பதை மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவக் கிராமம் 2023 மே மாதம் பார்த்துவிட்டது. மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கைது நடந்தது, இழப்பீடு அறிவிக்கப்பட்டது. ஆனால் உழைத்து ஓய்ந்த உடம்பு ஏன் சாராயத்தைத் தேடிப் போகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்வியைக் கோவாவில் கேட்டவர் மனநல மருத்துவர் விக்ரம் படேல். அவரும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, தீராத உடல் சோர்வு என்று சொல்லும் பெண்களைப் பற்றியது. ரத்தசோகைதான் காரணம் என்பது எல்லோருடைய ஊகம். ஆய்வில் அது பொய்த்தது. வறுமை, கணவனின் வன்முறை, மனத்துயரம் ஆகியவையே அந்தச் சோர்வோடு பின்னிக் கிடந்தன. மனசு தாங்காததை உடம்பு சொல்கிறது. அதற்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினால் எப்படித் தீரும்?

படேல் அதோடு நிற்கவில்லை. மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். நோயாளியோடு சில வாரங்கள் பேச்சுச் சிகிச்சை, அவ்வளவுதான். 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் இந்தச் சிகிச்சை பெற்ற 64 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் மீண்டார்கள். வழக்கமான சிகிச்சையில் 39 சதவீதம். குடியால் பாதிக்கப்பட்ட ஆண்களில் 36 சதவீதத்துக்கு எதிராக 26. மாயமந்திரம் இல்லை, ஆனால் வெறுங்கையும் இல்லை!

"கஞ்சிக்கே வழியில்லாதவனுக்கு மனநோய் எங்கே வரும்? அது பணக்காரர் வியாதி" என்று ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கிறது. கஞ்சிக்கு வழியில்லாததுதானே மனசை உடைக்கிறது! இன்னொரு வாதம் கொஞ்சம் நியாயமானது: முதலில் கூலி, நிழல், குடிநீர், காலுக்கு பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி கொடுங்கள், பேச்சு பிறகு. கொடுக்கத்தான் வேண்டும், அவை இல்லாமல் பேச்சு மட்டும் என்றால் அது ஏமாற்று வேலை. ஆனால் இருபது வருஷம் சுமை தூக்கிய முதுகு, நாளைக்கு பூட்ஸ் வந்ததும் நிமிர்ந்துவிடாது. அதற்குள் தேங்கிய துயரமும் வடியாது.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அதே ஊழியர் உப்பளத்து வரப்புக்கும் போகட்டும். முதுகைப் பார்க்கும்போதே "ராத்திரி தூக்கம் வருதா? வீட்டுக்காரர் குடிக்கிறாரா?" என்றும் கேட்கட்டும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம்; பயிற்சி பெற்ற ஒரு உள்ளூர்ப் பெண் போதும் என்பதைக் கோவா காட்டிவிட்டது.

உப்பின் விலையில் கூலி உண்டு, லாரி வாடகை உண்டு, முதலாளியின் லாபம் உண்டு. வாரியவளின் வலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏறாத செலவை யாரோ ஒருவர் கட்டித்தான் ஆக வேண்டும். மரக்காணத்தில் அதை அவள் சிறுநீரகத்தாலும், அவள் புருஷன் உயிராலும் கட்டுகிறார்கள்.