பாட்டி கேட்ட இரண்டு கேள்விகள்

சென்ற வாரம் நமது நண்பர் ஒருவர் ஒரு டப்பா மைசூர்பாகுடன் வந்து சேர்ந்தார். லண்டனுக்கு அருகே ஒரு கம்பெனியில் அவருக்கு 3 வருஷத்துக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. மனைவி, 15 வயதுப் பையன், 9 வயதுப் பெண் ஆகிய எல்லோரும் கூடவே புறப்படுகிறார்கள். சம்பளத்தை இங்கிலீஷ்காரர்களின் பவுன் கணக்கில் சொன்னார். நாம் வாயைப் பிளந்தோம். அதையே ரூபாயில் பெருக்கிச் சொன்னார். பிளந்த வாயை மூட மறந்துபோனோம். நம் வீட்டுப் பாட்டியம்மாள் மட்டும் அந்தப் பெருக்கல் கணக்கில் மயங்கவில்லை.

"குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அங்கே யாரப்பா பார்ப்பார்கள்? பள்ளிக்கூடத்துக்கு என்ன செலவாகும்?" என்று கேட்டார்.

"இரண்டுமே அங்கே இலவசம், அம்மா!" என்றார் நண்பர்.

நண்பர் சொன்னது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. வெளிநாட்டுக்குக் குடும்பத்துடன் புறப்படுகிறவர்கள் பலரும் இந்தப் பாதி உண்மையை நம்பியே மூட்டை கட்டுகிறார்கள் ஆதலால், விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் வைத்தியம். 1948-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவை ஆரம்பமாயிற்று. ஏழை, பணக்காரன் என்ற பேதமின்றி எல்லோருக்கும் கட்டணமில்லாத சிகிச்சை என்பது அதன் கொள்கை. மிகவும் உயர்ந்த கொள்கை என்பதில் சந்தேகமில்லை. ஆனால், தற்காலிக அனுமதியில் வருகிறவர்களிடம் 2015 ஏப்ரல் முதல் 'குடியேற்றச் சுகாதாரக் கட்டணம்' என்று ஒன்றை வசூலிக்கலானார்கள். ஆரம்பத்தில் அது தலைக்கு வருஷம் 200 பவுன். 2019-ல் 400, 2020-ல் 624, 2024 பிப்ரவரியில் 1,035. ஒன்பது வருஷத்தில் ஐந்து மடங்கு! 18 வயது நிரம்பாதவர்களுக்கு 776 பவுன்.

இந்தத் தொகையை மாதா மாதம் கட்ட முடியாது. எத்தனை வருஷத்துக்கு அனுமதி கேட்கிறோமோ அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, விண்ணப்பம் போடும்போதே மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். நண்பர் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் இருவருக்கு 3 வருஷத்துக்கு 6,210 பவுன். குழந்தைகள் இருவருக்கு 4,656. ஆக மொத்தம் 10,866 பவுன். நமது நாணயத்தில் 10 லட்ச ரூபாய்க்கு மேல்! முதல் மாதச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னால், விமான டிக்கட்டுக்கும் முன்னால், இந்தப் பணம் தயாராக இருக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் இதைத் திருப்பித் தருவார்கள். அனுமதி கிடைத்து, ஒரு நாள்கூட டாக்டரைப் பார்க்காமல் ஆரோக்கியமாக இருந்ததற்காகத் திருப்பித் தரமாட்டார்கள். அங்கே போன பிறகு அந்நாட்டார் கட்டுகிற வருமான வரியும் தேசிய காப்பீட்டுச் சந்தாவும் இவருடைய சம்பளத்திலும் பிடிக்கப்படும். ஒரே ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாசலில் சீட்டு வாங்குகிற கதைதான்.

மறு பக்கத்தையும் சொல்லிவிடுவது நியாயம். பணம் கட்டிய பிறகு அந்நாட்டுப் பிரஜைக்குச் செய்கிற சிகிச்சையையே இவர்களுக்கும் செய்வார்கள். பிரசவமானாலும் அறுவை சிகிச்சையானாலும் ஆஸ்பத்திரி ரசீது நீட்டமாட்டார்கள். வைத்தியச் செலவுக்காகத் தாலிச் சங்கிலியை அடகு வைத்த குடும்பங்கள் நிறைந்த நம் நாட்டில், இதன் அருமையை நாம் அறியாதவர்கள் அல்ல. வைத்தியத் தொழிலுக்கென்றே உள்ள தனி அனுமதியில் போகும் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் இந்தக் கட்டணம் கிடையாது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இனிப் பள்ளிக்கூடம். ஸர்க்கார் பள்ளியில் இவர்களுடைய குழந்தைகளுக்கும் சம்பளம் இல்லை. ஆனால் இடம் கொடுப்பது உள்ளூர் நிர்வாகம். குடியிருக்கும் விலாசத்தையும் பள்ளியில் காலியிடத்தையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே நல்ல பள்ளிக்கு அருகிலுள்ள வீட்டின் வாடகையையும் கல்விச் செலவிலேயே எழுதிக்கொள்வது விவேகம்.

9 வயதுப் பெண்ணைப் பற்றி நமக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் 15 வயதுப் பையனைப் பற்றியே. அங்கே 16 வயதில் எழுதும் பரீட்சைக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷப் பாடம் உண்டு; இவன் நடுவிலே போய்ச் சேருவான். அதையும் தாண்டி 18 வயதில் ஸர்வகலாசாலை வாசலில் நிற்கும்போதுதான் உண்மையான சோதனை. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவனிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 2025-26-ல் 9,535 பவுன். வெளிநாட்டு மாணவனுக்கோ அத்தகைய உச்சவரம்பே இல்லை. பல படிப்புகளுக்கு இரட்டிப்புக்கும் மேல் கேட்கிறார்கள். 3 வருஷம் அங்கேயே படித்த பையன் உள்நாட்டான்தானே என்று தகப்பனார் நினைப்பார். பொதுவாக, நிரந்தரக் குடியுரிமை அனுமதி பெறாதவனை அந்தச் சட்டம் வெளிநாட்டான் என்றே கருதுகிறது. ஸர்க்கார் கல்விக் கடனும் கிடைக்காது. அந்த நிரந்தர அனுமதிக்கு 5 வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2025 மே மாதத்து வெள்ளை அறிக்கையோ ஐந்தைப் பத்தாக்கவே யோசனை கூறியது.

இங்கிலாந்தை மட்டும் குறை சொல்வதாக நேயர்கள் எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியா 11 தேசங்களுடன் பரஸ்பர வைத்திய ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. அவற்றில் இந்தியா இல்லை. ஆகவே தற்காலிக உத்தியோகத்துக்குப் போகிற நம்மவர்கள் சொந்தச் செலவில் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கிறது. துபாயின் 2013-ம் வருஷச் சட்டம் தொழிலாளியின் வைத்தியக் காப்பீட்டை முதலாளியின் பொறுப்பாக்கியது. மனைவி மக்களுடைய காப்பீடோ அவர்களை அழைத்துப் போகிறவர் பொறுப்பு. தேசத்துக்குத் தேசம் கணக்கு வேறு. கட்டுகிறவர் மட்டும் ஒருவரே.

ஆழந் தெரியாமல் காலை விடக் கூடாது என்பார்கள். உத்தியோகக் கடிதம் வந்தவுடன் சம்பளத்தைப் பெருக்குவதற்கு முன், முதலாளியிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சுகாதாரக் கட்டணத்தை யார் கட்டுவது? எனக்கு மட்டுமா, குடும்பத்துக்குமா? நான் இடையில் வேலையை விட்டால் அதைத் திருப்பிக் கேட்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். இங்கிலாந்தில் சில கம்பெனிகள் இதைத் தாமே ஏற்கின்றன. ஏற்றே தீரவேண்டும் என்று சட்டம் இல்லை. கேட்காதவருக்குக் கிடைப்பது அரிது.

நண்பர் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பையனைப் பிளஸ் டூ முடியும் வரை இங்கே தாத்தா வீட்டில் விடுவதா, அழைத்துச் செல்வதா என்று தம்பதிகள் இரவெல்லாம் விவாதிக்கிறார்களாம். அதற்கு விடை நம்மிடம் இல்லை. ஆனால் அந்த விவாதம் டிக்கட் வாங்குவதற்கு முன்பே நடக்கிறதே, அந்த மட்டில் நமக்குத் திருப்தி. அதற்குரிய பெருமை பாட்டியம்மாளையே சேரும்.