கணனிப் பெட்டிக்கும் காற்றோட்டம் வேண்டும்

கணனி வாங்கச் செல்லும் பெற்றோர் கேட்பவை இரண்டே: விலை என்ன? வேகம் என்ன? பெட்டியைப் பற்றிக் கேட்பார் அரியர். ஆயினும், உள்ளிருக்கும் விலையுயர்ந்த பாகங்களின் நலம் அப்பெட்டியிலும் தங்கியுள்ளது.

அண்மையில் நண்பர் ஒருவரின் இல்லஞ் சென்றிருந்தேன். தந்தை இரவு வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கிய கணனி, மகன் பரீட்சைக்குப் படிக்கும் வேளையில் அடிக்கடி நின்றுபோயிற்று. வைரஸ் என்றார் ஒருவர். புதிதாக வாங்குங்கள் என்றார் இன்னொருவர். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் அது சீராக இயங்கிற்று! முகப்பு முழுவதும் அழகிய கண்ணாடி. காற்று நுழைய வழியில்லை.

கணனி உட்கொள்ளும் மின்சக்தி அனேகமாக முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. பல புரொசெசர்கள் 100 பாகை செல்சியசை அண்மித்ததும் தம் வேகத்தைத் தாமே குறைக்கும். மேலும் சூடேறினால் கணனி நின்றுவிடும்.

ஊரில் முன்வாசலுக்கு நேரே பின்வாசல் வைத்த காரணத்தை நினைவிற் கொள்க. இங்கும் அதே விதிதான். முன்விசிறி குளிர்காற்றை உள்ளிழுக்க வேண்டும். பின்விசிறியும் மேல்விசிறியும் சூட்டை வெளியேற்ற வேண்டும். உட்புகும் காற்று சற்றே மிகுந்திருப்பின், இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும். கம்பளத்தின் மேலோ ஹீற்றர் அருகிலோ பெட்டியை வைத்தல் தவறு.

இனிப் பொருத்தம். 1995இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏ.ரி.எக்ஸ் அமைப்பின்படி மதர்போட்டின் அளவு 305க்கு 244 மில்லிமீற்றர். மைக்ரோ ஏ.ரி.எக்ஸ் 244க்கு 244, மினி ஐ.ரி.எக்ஸ் 170க்கு 170. சிறிய பெட்டியுள் பெரிய போட் அடங்காது. கிராபிக்ஸ் அட்டையின் நீளம், புரொசெசர் குளிரூட்டியின் உயரம், மின்வழங்கியின் நீளம் ஆகிய மூன்றையும் பெட்டியின் விவரக்குறிப்போடு ஒப்பிடுதல் அவசியம். முகப்பின் உட்புறத்தில் விசிறி பூட்டினால், அதன் வழமையான தடிப்பான 25 மில்லிமீற்றரை அட்டைக்குரிய இடத்திலிருந்து கழிக்க நேரலாம்.

நண்பர் புதுக் கணனி வாங்கவில்லை. வலைமுகப்புள்ள பெட்டி ஒன்றை மட்டும் வாங்கிப் பாகங்களை அதற்கு மாற்றினார். அதன்பின் மகனின் படிப்பு தடைப்படவில்லை. பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் அளவுகோலையும் கையில் எடுப்போம்.