பழைய சிந்தசைசர் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய வாப்பாமாருக்கும்



மருதானையில் உயர்தரம் முடித்த பொடியன்மார் சிலர், சீட்டுப் பிடித்த காசைச் சேர்த்து ஒரு பழைய அனலொக் சிந்தசைசர் வாங்கப் பார்க்கிறார்கள். "எத எடுத்தா நல்லம் சேர்?" என்று இன்பொக்ஸில் கேட்டவர்களுக்குத் தனித்தனியாக எழுதுவதை விட இங்கேயே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். காசு கொடுக்கப் போகிற வாப்பாமாரும் வாசிக்கட்டும். இசை கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவைத் தயவுசெய்து கொமென்டில் தொடங்க வேண்டாம், அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பேசுவது கருவியையும் காசையும் பற்றி மட்டும்.

நாம் சொல்ல வருவது இதுதான்: கையில் இருக்கிற காசுக்கு, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகத் திருகும் குமிழோ ஸ்லைடரோ உள்ள சின்னக் கருவி ஒன்றை எடுங்கள். எந்தக் கம்பனி, யார் வாசித்தது என்பதெல்லாம் பிறகு.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வாயைக் குவித்து "ஊ" என்று சத்தம் கொடுத்து, நிறுத்தாமல் மெல்ல மெல்ல "ஆ" என்று திறவுங்கள். தொண்டையில் சுருதி மாறவில்லை. வாய்தான் சத்தத்தின் எந்தப் பகுதி வெளியே வரலாம் என்று தீர்மானிக்கிறது. சிந்தசைசரில் தொண்டையின் வேலையை ஒசிலேட்டரும் வாயின் வேலையை பில்டரும் செய்கின்றன. இதை நாம் வகுப்பில் அலைகள் பாடத்தில் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறோம், பிள்ளைகள் பரீட்சைக்குப் பாடமாக்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு குமிழைத் தன் கையால் திருகிக் கேட்ட பிள்ளைக்கு அதைப் பாடமாக்கவே தேவையில்லை. அறுநூறு சத்தம் ஏற்கெனவே போட்டு வருகிற கீபோட்டில் இது கிடைக்காது. அதில் நம்பரை அமத்தினால் சத்தம் வரும், அவ்வளவுதான். கல்யாண ஹோலில் வாசித்து உழைக்க நினைப்பவருக்கு அந்தக் கீபோட்தான் சரி. அதையும் மறுக்கவில்லை.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒருவர் இருந்தார். ஹிந்திப் படப் பாடல்களுக்கு வாசித்த கலைஞர். 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு போட்டார். அதில் அவர் பாவித்தவற்றில் ரோலண்ட் டிபி-303 என்ற சின்னப் பெட்டியும் ஒன்று. தனியாகப் பயிற்சி எடுக்கிற கிட்டார் கலைஞர்களுக்கு பேஸ் வாசித்துக் கொடுக்க என்று செய்யப்பட்ட பெட்டி அது. மேலே வரிசையாக ஆறு சின்னக் குமிழ்கள். அந்த நோக்கத்துக்கு அது எடுபடவில்லை, 1984இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடந்ததை சிக்காகோவின் கறுப்பினப் பொடியன்மார் வாங்கி, குமிழ்களை இஷ்டத்துக்குத் திருகிப் புது இசை ஒன்றையே உண்டாக்கினார்கள். 1987இல் பியூச்சர் குழுவின் "அசிட் ட்ரக்ஸ்" அப்படி வந்ததுதான். சரண்ஜித் சிங்கின் தட்டும் அந்த நாளில் விலைப்படவில்லை. 2010இல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் அவரைத் தேடிப் போனது. இன்று அதே டிபி-303க்கு ஆயிரக்கணக்கில் டொலர் கேட்கிறார்கள். பெயர் வந்த பிறகு வாங்கப் போனால் இதுதான் கதி.

ரோலண்ட் எஸ்எச்-101க்கும் அதே நிலைமை. 1982இல் வந்தது, எல்லாமே ஸ்லைடர், படிப்பதற்கு அதை விடச் சிறந்தது குறைவு. ஆனால் ஆயிரம் டொலருக்கு மேல், அதாவது எங்கள் காசில் மூன்று இலட்சத்தைத் தாண்டும். 2022க்குப் பிறகு டொலர் கணக்கில் ஆசைப்படுவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

"அப்ப மலிவா இருக்கிற பழசு?" கவனம் தேவைப்படுவது இங்கேதான். கோர்க் பொலி-800 (1983) விலை குறைவு, எட்டுக் குரல் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எட்டுக் குரலுக்கும் சேர்த்து ஒரே பில்டர். அதோடு சத்தத்தை மாற்ற வேண்டுமென்றால் நம்பர் போட்டு, பொத்தானை அமத்தி ஒவ்வொன்றாக ஏற்றி இறக்க வேண்டும். ரோலண்ட் ஜேஎக்ஸ்-3பீயும் 1983இல் வந்ததுதான். அதன் குமிழ்களெல்லாம் பிஜி-200 என்ற தனிப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டி இல்லாமல் விற்கிறார்களா என்று கேளுங்கள். ஜூனோ-106க்கு ஸ்லைடர் நிறைய, அழகான சத்தம். ஆனால் உள்ளே உள்ள குரல் சிப்கள் பழுதாவதற்குப் பெயர்போனவை. நம்முடைய விருப்பம் யமஹா சிஎஸ்-5, சிஎஸ்-01 போன்ற, பெயர் குறைந்த சின்னக் கருவிகள். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். படிக்கிற பிள்ளைக்கு அது போதும்.

பஞ்சிகாவத்தைக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு ரீகண்டிஷன் சாமானைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பேர்போன காரை எடுத்துவிட்டு ஸ்பெயார் பார்ட்ஸுக்கு அலைந்தவர்களையும், பழைய கொரோலாவை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களையும் பார்த்துத்தான் வளர்ந்தோம். அதே கணக்கை இங்கேயும் போடுங்கள். யப்பானிலிருந்து வருகிற பழைய சிந்தசைசர் பல 100 வோல்ட்டுக்குச் செய்தவை. எங்கள் வீட்டு 230இல் நேரே சொருகினால் புகைதான் வரும். ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்போமரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். சிஎஸ்-01 பெட்டரியில் ஓடும், ஸ்பீக்கரும் அதிலேயே இருக்கிறது, அந்தக் கவலை இல்லை.

வாங்கும் முன் ஒவ்வொரு கட்டையையும் அமத்திப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்லைடரையும் மேலிருந்து கீழே இழுங்கள். கரகரத்தால் அநேகமாகத் தூசிதான், சுத்தம் செய்யலாம். ஓரிடத்தில் சத்தமே அற்றுப் போனால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பெட்டரிப் பெட்டியைத் திறந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்றில் பல வருடம் கிடந்ததென்றால் உள்ளே துருவும் இருக்கலாம், மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலம் ஓட விட்டு, தொடக்கத்தில் வாசித்த அதே சுரத்தை மறுபடி வாசியுங்கள். சூட்டுக்குச் சுருதி கொஞ்சம் விலகுவது அனலொக்கின் இயல்பு. அரைச் சுரம் போனால் விட்டுவிட்டு வாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் அப்படித்தான்.

இவ்வளவு தலையிடி எதற்கு என்று நினைத்தால் புதிதாகவே வாங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பெஹ்ரிங்கர் எம்எஸ்-1 என்பது எஸ்எச்-101இன் நகல்தான், ஸ்லைடரெல்லாம் அதே இடத்தில். கோர்க் வொல்கா கீஸ் கையகலம், பெட்டரியிலும் ஓடும். பழசுதான் அசல் என்று யூடியூப்பில் சொல்பவர்களில் எத்தனை பேர் பழசை விற்கிறார்கள் என்றும் கொஞ்சம் யோசியுங்கள்.

வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. "மெஷின் வாசிக்கிறதெல்லாம் இசையா?" என்று சிலர் கேட்டீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் தானாகவே வாசிக்கிற குழல் கருவி ஒன்றைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். உங்கள் மகன் அந்தப் பெட்டியைத் திருப்பிப் போட்டு உள்ளே பார்க்க நினைக்கிறான் என்றால், அவன் கேட்பது விளையாட்டுச் சாமான் இல்லை.

பார்த்து வைத்திருக்கிற கருவியின் படத்தையும், எல்லாக் கட்டையையும் வாசித்த வீடியோவையும் அனுப்புங்கள். காசைக் கொடுப்பதற்கு முதல் அனுப்புங்கள். நமக்குத் தெரிந்த வரையில் பார்த்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.