பூட்டை உடைப்பதா, சாவியைத் தேடுவதா?

‘பெர்மிஷன் டினைட்!’ அதாவது, அனுமதி மறுக்கப்பட்டது. கணிப்பொறி ஆய்வகத்தில் இந்தச் சொற்களைக் கண்டு முகம் வாடாத மாணவர் உண்டோ? தொலைவிலுள்ள சர்வரிலிருந்து ஒரு கோப்பை இறக்கிக்கொள்ளப் போகிறோம். வாசலிலேயே தடுத்து நிறுத்தப்படுகிறோம். உடனே கோப்பின் சொந்தக்காரரான நண்பரிடம் ஓடுகிறோம். அவரும் ‘சிஎச்மாட் 777’ என்று தட்டிவிடுகிறார். கோப்பு வந்துவிடுகிறது, நாமும் மகிழ்கிறோம். இந்த மகிழ்ச்சி ஆபத்தானது என்பதே என் கருத்து.

அந்த மூன்று ஏழுகளின் பொருள் என்ன? 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸின் வழிவந்த முறை இது. ஒவ்வொரு கோப்பின் முன்னும் மூவகையினர் நிற்கின்றனர்: உரிமையாளர், குழுவினர், மற்றவர். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. ஆகவே 777 என்றால், ஊரில் உள்ள அனைவருக்கும் அனைத்து உரிமையும் என்று பொருள்!

பட்டறிந்தே சொல்கிறேன். நாங்கள் நால்வர் சேர்ந்து செய்த திட்டப்பணியின் கோப்புறைக்கு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று 777 கொடுத்தோம். வேறொரு மாணவர் தம் கோப்புறை என்று எண்ணி, எங்கள் கோப்புறையில் உள்ளவற்றைத் துடைத்துவிட்டார். ஒரு கோப்பை அழிப்பதற்கு அந்தக் கோப்பின் எழுதும் உரிமை தேவையில்லை. அது இருக்கும் கோப்புறையில் எழுதவும் நுழையவும் உரிமை இருந்தால் போதும் என்பதை அன்றுதான் அறிந்தோம். இரண்டு வார உழைப்பு போயிற்று. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கதவைத் திறந்துபோட்டவர்கள் நாங்களே அன்றோ!

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில், மறுப்பது யார் என்று பாருங்கள். பதிவிறக்கம் என்பது அங்கே படித்து இங்கே எழுதுவது. பல வேளைகளில் சர்வர் கொடுக்கத் தயாராகவே இருக்கும்; நம் கணிப்பொறியில் நமக்கு எழுத உரிமையில்லாத இடத்தில் சேமிக்க முயன்றிருப்போம். சொந்தக் கோப்புறையில் இறக்கிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

அடுத்து, எந்தப் பயனர் பெயரில் நுழைந்தோம் என்று பாருங்கள். எஸ்.எஸ்.எச். வழியே செல்பவர்கள் தம் தனிச்சாவிக் கோப்பையும் கவனிக்க வேண்டும். மற்றவரும் படிக்கும்படி அது கிடந்தால், அந்தச் சாவியைப் பயன்படுத்த நிரலே மறுத்துவிடும். அதற்கு 600 தான் முறை.

மூன்றாவது, வழியைப் பாருங்கள். பீரோ திறந்திருந்தும் கூடம் பூட்டியிருந்தால் என்ன பயன்? கோப்புக்கு 644 இருந்தாலும், அதற்குச் செல்லும் கோப்புறைகளில் ஒன்று 700 ஆக இருந்தால் பிறர் உள்ளே போக முடியாது. கோப்புறையைப் பொறுத்தவரை 1 என்பதே நுழைவுச் சீட்டு.

இணைய தளம் வழியே இறக்கும்போது எண்களைக் கவனியுங்கள். 401 என்றால், ‘நீ யார் என்று முதலில் சொல்’. 403 என்றால், ‘கேட்டது புரிகிறது, தருவதற்கில்லை’. 404 என்றால், ‘அப்படி ஒன்று இங்கில்லை’. மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல.

தேர்வு நெருங்கும்போது இத்தனையும் பார்க்க நேரமேது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சோதனைகளுக்குப் பத்து நிமிடம் போதும். எங்களுக்குப் போனதோ இரண்டு வாரம்!

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு திட்டப்பணிக் குழுவுக்கும் சர்வரில் தனிக் குழு ஒன்றை அமைத்துத் தந்தால், கோப்புறைக்கு 770 போதும். நால்வரும் எழுதலாம், வெளியார் நுழைய முடியாது. முதல் பருவத்திலேயே இதற்கென ஒரு வகுப்பு ஒதுக்கினால் வரும் ஆண்டு மாணவர்கள் பிழைப்பார்கள்.

நண்பர்களே! அடுத்த முறை அனுமதி மறுக்கப்பட்டால் ஆத்திரப்படாதீர்கள். உங்கள் பயனர் பெயர், கோப்பின் பாதை, திரையில் வந்த செய்தி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு சர்வர் பொறுப்பாளரிடம் செல்லுங்கள். இன்று நம்மைத் தடுக்கும் அதே பூட்டுத்தான் நாளை நம் உழைப்பையும் காக்கப் போகிறது.