எல்லாத்துக்கும் பேஷன்ட்தான் காரணமா?

போன வாரம் வார்டுல ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும், விவசாயக் கூலி. சிறுநீர்த் தொற்று, குளிர் காய்ச்சலோட வந்தாங்க. கல்ச்சர் ரிப்போர்ட்ல மேல இருந்து கீழ வரைக்கும் ரெசிஸ்டன்ட். மாத்திரையா கொடுக்க எதுவுமே இல்ல. மெரோபெனெம் ஊசி ஆரம்பிச்சோம்.

மகன் கேட்டார்: "எங்கம்மா தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டாங்க சார். அப்புறம் எப்படி மருந்து கேக்காம போச்சு?"

இதுக்கு எங்ககிட்ட ரெடிமேட் பதில் இருக்கு. கோர்ஸை பாதியில நிறுத்தாதீங்க, மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கிப் போடாதீங்க. வருஷா வருஷம் நவம்பர்ல போஸ்டரே ஒட்டுறோம். மாத்திரையே போடாதவங்ககிட்ட அதை எப்படிச் சொல்றது?

ரெசிஸ்டன்ட் கிருமி மனுஷ உடம்புல மட்டும் உருவாகுறதில்ல. சாக்கடையிலயும் ஏரியிலயும் உருவாகும். அந்த அம்மாவுக்கு எங்கிருந்து வந்ததுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இந்தக் கிருமிகளுக்கு யார் தீனி போடுறாங்கன்னு ஆதாரத்தோட சொல்ல முடியும்.

ஹைதராபாத் பக்கத்துல படான்செரு. மருந்து மூலப்பொருள் தயாரிக்கிற தொழிற்பேட்டை. சுமார் 90 கம்பெனிகளோட கழிவுநீர் ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து வெளிய வர்ற தண்ணியை ஸ்வீடனைச் சேர்ந்த ஜோக்கிம் லார்சன் குழு பரிசோதிச்சு 2007ல முடிவை வெளியிட்டாங்க. சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் இருந்தது.

நான் 500 மில்லிகிராம் சிப்ரோ மாத்திரை எழுதிக் கொடுத்தா, உங்க ரத்தத்துல உச்சகட்டமா லிட்டருக்கு 2, 3 மில்லிகிராம்தான் வரும். அதைப் போல பத்து மடங்கு, "சுத்திகரிச்ச" தண்ணியில! அடுத்து 2009ல வந்த ஆய்வுல அந்தப் பகுதி ஏரிகள்லயும் கிராமத்துக் கிணறுகள்லயும் மருந்து இருந்தது தெரிஞ்சது.

இவ்வளவு மருந்து இருக்கிற இடத்துல சாதா பாக்டீரியா செத்துடும், தாங்குறது மட்டும் பெருகும். கொஞ்சம் தள்ளி, மருந்து நீர்த்துப் போன இடத்துலயும் தாங்குறதுக்குத்தான் லாபம். மோசமான விஷயம் என்னன்னா, அது தன்னோட ரெசிஸ்டன்ஸ் ஜீனை பக்கத்துல இருக்கிற வேற இனக் கிருமிக்கும் கொடுத்துடும். மண்ணுல வாழுற ஒரு அப்பாவிப் பாக்டீரியாகிட்ட இருந்து உங்க குடல்ல இருக்கிற ஈ.கோலைக்கு அது வந்து சேரலாம். அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு ரொம்ப தூரம் இல்ல.

"இதெல்லாம் பழைய கதை டாக்டர்"னு சொல்வாங்க. சரி, இப்போ குறைஞ்சிருக்கலாம். யார் அளந்தா? எவ்வளவு இருந்தா தப்புன்னு சட்டத்துல ஒரு நம்பர் வேணும்ல?

அந்த நம்பர் எழுதப்பட்டது! 2020 ஜனவரியில மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்ட வரைவு அறிவிக்கையில 121 ஆன்டிபயாடிக்குக்கு, கழிவுநீர்ல இவ்வளவுதான் இருக்கலாம்னு வரம்பு இருந்தது. 2021 ஆகஸ்ட்ல இறுதி அறிவிக்கை வந்தப்போ அந்தப் பட்டியலையே காணோம்.

கம்பெனிகள் சொல்ற பதில், "நாங்க ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்". ரொம்ப சந்தோஷம். ஒரு சொட்டுகூட வெளிய விடாதவங்களுக்கு வரம்பு வெச்சா என்ன நஷ்டம்?

மருந்து விலை ஏறும்ங்கிறது மட்டும் கொஞ்சம் நியாயமான வாதம். இலவச மருந்தை நம்பி வர்றவங்களைத்தான் நான் தினமும் பாக்குறேன், அதனால இதை லேசா தள்ள மாட்டேன். ஆனா சில ரூபாய் மாத்திரையில தீர வேண்டிய வியாதிக்கு இப்போ அட்மிஷன், ட்ரிப்ஸ், ஒரு நாளைக்கு மூணு வேளை மெரோபெனெம். இதோட கணக்கை யாரும் கம்பெனிக்கு அனுப்புறதில்ல. நார்வேயில மருத்துவமனைகளுக்கு ஆன்டிபயாடிக் வாங்குற டெண்டர்லயே, தயாரிப்புக் கழிவை எப்படிக் கையாளுறாங்கன்னு பார்த்து மார்க் போடுறாங்க. நம்ம அரசுக் கொள்முதல்லயும் இதைக் கேக்கலாம்.

மத்தவங்க யோக்கியமான்னா இல்ல. எங்க ஆஸ்பத்திரிச் சாக்கடை, கோழிப்பண்ணை, சளிக்கெல்லாம் அஸித்ரோமைசின் எழுதுற எங்க ஆளுங்க, எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனா எங்களுக்கு ப்ரிஸ்கிரிப்ஷன் ஆடிட் இருக்கு, உங்களுக்கு போஸ்டர் இருக்கு. தொழிற்சாலைக் குழாய்க்கு மட்டும் ஒண்ணும் இல்ல.

2020 வரைவு தயாராத்தான் இருக்கு. அந்தப் பட்டியலைத் திரும்பச் சேருங்கன்னு உங்க எம்.பி.கிட்ட கேளுங்க. ஏன் எடுத்தாங்கன்னும் கேளுங்க.

கமென்ட்ல "அப்போ கோர்ஸை முடிக்க வேண்டாமா"ன்னு வரப் போறவங்களுக்கு: டாக்டர் சொன்னபடி சாப்பிடுங்க, அதுல மாற்றம் இல்ல. அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. இன்னும் ரெண்டு நாள் ஊசி பாக்கி.