பைமால் மேல பழி போடாதீங்க சாமி!

"பைமால்ல ஹீமோகுளோபின் பாதிதான் தெரியுது. ரெண்டு தடவை இன்ஸ்டால் பண்ணியும் அப்படியேதான் இருக்கு."

இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு மக்களே. திட்டணும்னு தோணுறவங்க பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம்.

சாஃப்ட்வேர் எதையும் முழுங்கலை. அவங்க இறக்கினது புரோட்டீன் டேட்டா பேங்க்ல இருக்கற 1எச்எச்ஓ கோப்பு, அதாவது ஆக்சிஜன் ஏறின மனித ஹீமோகுளோபின். படிகத்துல திரும்பத் திரும்ப வர்ற சின்ன அலகை மட்டும்தான் கோப்புல எழுதுவாங்க. இதுல அது ரெண்டே சங்கிலி. ரத்தத்துல ஓடுற நாலும் வேணும்னா எப்படித் திருப்பி வைக்கணும்ங்கிற கணக்கு அதே கோப்புல, ரிமார்க் 350-ல இருக்கு. ஆக்சிஜன் இல்லாத 4எச்எச்பி-யில நாலு சங்கிலியுமே எழுதியிருக்கும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு, 'ஆக்சிஜன் ஏறினா ஹீமோகுளோபின் ரெண்டா உடையும்'னு ஒரு பிராஜெக்ட் ரிப்போர்ட்ல எழுதியிருந்தாங்க. அதுக்கு மார்க்கும் விழுந்துச்சு!

அதுகூடப் பரவாயில்லை, கலர் பண்ற கூத்து இருக்கே... படிகக் கோப்புல ஒவ்வொரு அணுவுக்கும் பி-ஃபேக்டர்னு ஒரு எண் உண்டு. அது ஏற ஏற, அணு அங்கதான் இருக்குங்கிற உறுதி குறையும். 2021-ல லட்சக்கணக்கான கணிப்பு மாடல்களோட வந்த ஆல்ஃபாஃபோல்டு, அதே இடத்துல தன்னோட நம்பிக்கை மதிப்பெண்ணை வெச்சுச்சு. இது நேர் எதிர்! 90-க்கு மேல கெட்டி, 50-க்குக் கீழ நம்பக் கூடாது. பழக்கதோஷத்துல பைமால்ல பி மதிப்பை வெச்சு வானவில் கலர் அடிச்சா சின்ன எண் நீலமாகும், பெரிய எண் சிவப்பாகும். ஆல்ஃபாஃபோல்டு தளத்துலயோ அடர் நீலம்தான் கெட்டியான இடம். அங்க பழகின கண்ணு இங்கயும் நீலத்தை நம்பிடுது, நூடுல்ஸ் மாதிரி தொங்குற பகுதியை!

அந்த நூடுல்ஸ்ல ஒரு குழியைப் பிடிச்சு, மருந்து மூலக்கூறை டாக்கிங் பண்ணி ஆறு மாசம் ஓட்டினா என்ன ஆகும்? டாக்கிங் புரோகிராம் முடியாதுன்னு சொல்லாது. குழி நிஜமா கற்பனையான்னு அதுக்கென்ன தெரியும்? மைனஸ்ல ஒரு எண்ணைத் துப்பும். அது தீசிஸ்ல அட்டவணையா ஏறிடும்.

பைமாலுக்கும் ஒரு குட்டு வைக்கலாம், எந்த எண்ணுக்கு எந்தக் கலர்னு தானா ஒரு அளவுகோல் காட்டித் தொலைக்காது. ஆனா என் கோபமெல்லாம் 'இதை அமுக்கு, அதை அமுக்கு, படம் வந்துச்சா, சர்டிஃபிகேட் வாங்கிக்கோ'ன்னு பயிலரங்கு நடத்துறவங்க மேலதான். அய்யா, முதல் அரை மணி நேரம் பைமாலைத் திறக்காதீங்க. கோப்பை நோட்பேடுல திறந்து ரிமார்க் 465-ஐப் படிக்கச் சொல்லுங்க. பரிசோதனையில கண்ணுக்கே தெரியாத அமினோ அமிலங்களோட பட்டியல் அங்க இருக்கு. படத்துல நடுவுல புள்ளிக்கோடு வந்தா கிராஃபிக்ஸ் கார்டை மாத்தச் சொல்லி எவனும் கேக்க மாட்டான்.